லினக்ஸில் யாரும் இல்லை

சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளர் நல அலுவலகத்தின் கடவுச்சொல் பதினொரு வருஷமாக இரும்பு பீரோவின் உள்கதவில் சாக்பீஸால் எழுதப்பட்டிருந்தது. உதவியாளர் பேச்சிராஜாவுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் எழுதியது. ஓய்வு பெற்றுப் போகிற அன்று பீரோ சாவியைக் கையில் கொடுத்து, "எல்லாம் உள்ள இருக்குவே" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார். பேச்சிராஜாவும் எழுத்து மங்கும்போதெல்லாம் அதன் மேலேயே ஒரு தடவை எழுதிவிட்டு, வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதினொரு வருஷத்தில் ஒரு திருடனும் வந்து அந்தக் கடவுச்சொல்லைக் கேட்கவில்லை. விசைத்தறிக்காரர்களின் மனுவைத் திருடி அவன் என்ன செய்யப் போகிறான்?

பிறகுதான் மின்சாவிக் கழகம் பிறந்தது. எங்கோ ஓர் ஊரில் ஓர் அலுவலர் கடவுச்சொல்லைத் தினசரிக் காலண்டரில் எழுதி வைத்தாராம். தேதி கிழித்த தாள் சுண்டல் மடிக்கப் போய்விட்டதாம். அதைக் கேட்டுப் பதறிப்போன மேலிடம், இனி எந்த அலுவலகத்திலும் எவரும் எந்தக் கடவுச்சொல்லையும் எங்கேயும் எழுதக் கூடாது என்று முடிவுசெய்து, அதைக் கவனிக்க ஒரு கழகத்தையும், கழகத்துக்கு ஆறு மாடிக் கட்டடத்தையும், கட்டடத்துக்கு ஒரு திறப்பு விழாவையும் ஏற்பாடு செய்தது. கழகம் ஒரு மென்பொருள் செய்தது. அதன் பெயர் சாவிக்கொத்து. எல்லாக் கடவுச்சொல்லும் அதற்குள் இருக்கும், வேண்டியபோது அதுவே எடுத்து நிரப்பிக்கொள்ளும். என்ன எழுத்து என்று மனிதக் கண்ணுக்குக் காட்டாது.

சாவிக்கொத்தைப் பதிய நாலு பேர் ஈரத்துணியோடு வந்தார்கள். பேனர் கட்டி, பீரோவைத் திறந்து வைத்து, அழிப்பு விழா நடத்தினார்கள். பேச்சிராஜாவை வலது கையை நீட்டி உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். சாக்பீஸ் எழுத்து துடைக்கப்பட்ட இடத்தில் அவரை நிறுத்திப் படமும் எடுத்தார்கள். அந்தப் படத்தில் அவர் திருட்டில் பிடிபட்டவர் போல நிற்பார். பழைய கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டு, சாவிக்கொத்தைத் திறக்கத் தலைமைச் சாவி என்று ஒரே ஒரு சொல்லை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் வைத்துக்கொண்டார், இன்றுவரை மறக்கவில்லை. மனுஷன் மேல் ஒரு குற்றமும் கிடையாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் இடம் கிடைக்காது.

அடுத்த வருஷம் ஏப்ரல் மாசம் ஒரே உறையில் இரண்டு சுற்றறிக்கைகள் வந்தன. ஒன்று கழகத்தின் சிக்கனப் பிரிவிலிருந்து: எல்லா அலுவலகங்களும் உடனடியாக லினக்ஸுக்கு மாறவேண்டும், விண்டோஸ் கணினிகளை அறையில் வைத்து முத்திரையிட வேண்டும். மற்றது பாதுகாப்புப் பிரிவிலிருந்து: சாவிக்கொத்து இல்லாமல் எந்த வேலையும் செய்யக் கூடாது, மீறினால் ஒழுங்கு நடவடிக்கை. இரண்டிலும் ஒரே கையெழுத்து. மண்டல மேலாளர் மாரிசெல்வம் போட்டது.

லினக்ஸ் என்றால் என்ன என்று பேச்சிராஜா பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இர்ஷாத்திடம் கேட்டார். "விண்டோஸ் மாதிரிதான் அண்ணாச்சி. கம்ப்யூட்டர ஓட்டுத ஆளு. இந்த ஆளு சம்பளம் கேக்க மாட்டான், அவ்வளவுதான்" என்றான் அவன். அவன் சொன்னது சரிதான். புதுக் கணினி சிணுங்காமல் ஓடியது. பேச்சிராஜாவுக்கு அதைப் பிடித்தும் போய்விட்டது. வந்த தொல்லை வேறு. சாவிக்கொத்தைத் திறக்கப் போனால் திரையில் இரண்டு வரி வந்து நின்றது.

"இந்த இயங்குதளத்தில் சாவிக்கொத்து இயங்காது. சிரமத்துக்கு வருந்துகிறோம்."

பழைய கணினி பின்னறையில் இருந்தது. கழகத்தின் ஆட்கள் வந்து, கதவில் நாலு இலக்க எண்பூட்டு மாட்டி, அதன் மேல் தாள் ஒட்டி முத்திரை வைத்துப் போயிருந்தார்கள். பூட்டின் எண் என்ன என்று கேட்டதற்கு, பாதுகாப்பு கருதிச் சாவிக்கொத்தில் போட்டிருக்கிறோம் என்றார்கள். இர்ஷாத் தன் கடையில் இருந்த விண்டோஸ் கணினியில் போட்டுப் பார்த்தான். பதிவு செய்யாத கணினி என்று அது கதவைச் சாத்தியது. செல்போனில் போட்டால், அலுவலகக் கணினியில் அனுமதி வாங்கி வா என்றது.

மூன்று மாசம் ஒருவரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மனுக்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்தன. மூன்று அலுவலகங்களைச் சேர்த்துப் பார்க்கும் அதிகாரி செவ்வாய்க்கிழமை வந்து, டீ குடித்து, பார்த்துச் செய்யும் என்று சொல்லிவிட்டுப் போவார். எதைப் பார்த்து எதைச் செய்வது என்று பேச்சிராஜா கேட்டதில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் கடையநல்லூரிலிருந்து சுபைதா பேகம் வந்தார். முப்பது வருஷம் துண்டு நெய்யும் தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தவர். இடது கண் ஐந்து வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. இப்போது சர்க்கரை வலது கண்ணுக்கும் வந்துவிட்டது. புளியங்குடியில் இறங்கி மாறுபஸ் ஏற, கண்டக்டரிடம் மூன்று தடவை கேட்டுத்தான் வந்து சேர்ந்திருந்தார்.

"இருபத்தெட்டாம் தேதி ஆபரேசனுக்கு நாள் குறிச்சிருக்காவ தம்பி. அதுக்கு மேல போச்சுன்னா விழித்திரை பூராவும் பிரிஞ்சிருமாம், பொறவு ஒண்ணும் செய்ய முடியாதாம். ஒங்க ஆபீஸ்ல ஒப்புதல் போட்டாத்தான் உள்ள எடுப்பாவளாம்."

"போட்டுருவோம்க்கா" என்றார் பேச்சிராஜா. சொன்னாரே தவிர, எப்படி என்று தெரியவில்லை. காகித ஒப்புதலை ஆஸ்பத்திரி வாங்காது. கணினியில் அந்த அம்மா பெயருக்கு நேரே இருக்கும் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், வேறொன்றுமில்லை. அந்தப் பொத்தான் இருக்கும் பக்கத்துக்குள் போகத்தான் கடவுச்சொல் வேண்டும்.

கழகத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். ஓர் இனிமையான பெண்குரல், சாவிக்கொத்தைத் திறந்து அதன் மேல்மூலையில் தெரியும் ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள் என்றது. திறக்க முடியவில்லை என்பதுதான் புகார் என்றார் இவர். புரிகிறது சார், அந்தப் புகாரைப் பதியத்தான் அந்த எண் வேண்டும் என்றது குரல். ஒன்பது நாள் விடாமல் கூப்பிட்டார். பத்தாம் நாள் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: தங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது.

கழகத்தின் இணையதளத்தில் கோரிக்கைப் பலகை என்று ஒன்று இருப்பதை இர்ஷாத்தான் கண்டுபிடித்தான். சில ஊர்களை முன்பே லினக்ஸுக்கு மாற்றியிருந்ததால், லினக்ஸ் கணினியில் சாவிக்கொத்து வேண்டும் என்ற கோரிக்கை அதில் மூன்று வருஷமாகக் கிடந்தது. அதன் கீழே ஊர் ஊராக ஆட்கள் எழுதியிருந்தார்கள். இளையரசனேந்தலிலிருந்து ஓர் ஊழியர் மாசம் ஒரு தடவை எழுதியிருந்தார். முதல் ஐந்து தடவை "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கியவர், ஆறாவது தடவை "ஐயா" என்று மட்டும் போட்டிருந்தார். ஏழாவதில் அதுவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று கழகம் பதில் போட்டிருந்தது. பக்கத்தில் கோரிக்கைக்கு விழுந்த வாக்குகளின் எண்ணிக்கை இருந்தது. பூஜ்யம். எழுத யாராலும் முடியும், வாக்களிக்கத்தான் சாவிக்கொத்து வழியாக உள்ளே வரவேண்டும்.

இத்தனை பேர் தன்னைப் போலவே மாட்டிக்கொண்டு கிடக்கிறார்கள் என்பதில் பேச்சிராஜாவுக்கு முதலில் ஓர் ஆறுதல் இருந்தது. மூன்று வருஷம் என்பது மண்டையில் உறைத்ததும் அதுவும் போயிற்று. அந்த அம்மாவுக்கு இருந்தது பன்னிரண்டு நாள்.

இருபதாம் தேதி சங்கரன்கோவிலிலேயே கழகத்தின் பயனாளர் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அழைப்பு வந்தது. பேச்சிராஜா கொஞ்சம் யோசித்துவிட்டு, சுபைதா பேகத்தையும் வரச் சொன்னார். எழுதிக் கேட்டால் இரங்காதவர்கள் ஆளைப் பார்த்தால் இரங்குவார்கள் என்று நினைத்தார். பாவம், பத்தொன்பது வருஷம் சர்வீஸ் உள்ள மனுஷன் இப்படி நினைத்திருக்கக் கூடாது.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். நூற்றெண்பது பேர் வந்திருந்தார்கள், அத்தனை பேரும் லினக்ஸில் மாட்டிக்கொண்ட ஊழியர்கள். வாசலில் வருகைப் பதிவுக்கு ஒரு கணினி வைத்திருந்தார்கள். சாவிக்கொத்தில் வந்தால்தான் அது பெயரை ஏற்கும். ஆக வருகைப் பதிவில் பூஜ்யம் என்று விழுந்தது. மதியம் பிரியாணி வருகைப் பதிவின்படிதான் என்று சொல்லியிருந்ததால், முன் இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்த கழக ஊழியர்களுக்கு மட்டும் தேக்சா வந்து இறங்கியது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். கழக வாழ்த்துப்பாடலைப் பாடினார்கள். மேலாளர் மாரிசெல்வம் பேச எழுந்தார்.

"இது எப்பேர்ப்பட்ட ஊர்? அம்பாளே ஒற்றைக் காலில் நின்று தவமிருந்த ஊர். இந்த ஊரில் நின்றுகொண்டு, ஒரு மென்பொருளுக்காக நான்கு மாதம் காத்திருக்க முடியாது என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது? லினக்ஸுக்குப் பதிப்பு வேண்டும் என்கிறீர்கள். கழகம் எதையும் உணர்ச்சிவசப்பட்டுச் செய்வதில்லை, புள்ளிவிவரத்தைப் பார்த்துத்தான் செய்யும். நேற்று மாலை வரை லினக்ஸில் சாவிக்கொத்தைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்? பூஜ்யம். மூன்று வருடமாகப் பூஜ்யம். ஒரே ஒருவர் இருந்திருந்தால்கூட, அந்த ஒருவருக்காக நாங்கள் ராப்பகலாக உழைத்திருப்போம். இல்லாத ஒருவருக்காக மக்கள் வரிப்பணத்தைச் செலவழிக்கச் சொல்கிறீர்களா?"

முன் இரண்டு வரிசையும் கைதட்டின. பேச்சிராஜா எழுந்தார்.

"சார், அது லினக்ஸ்ல ஓடாதுல்லா. ஓடாததுனாலதான் யாரும் இல்ல."

"நீங்கள் சொல்வதும் அதுதானே. யாரும் இல்லை" என்றார் மாரிசெல்வம், மிகுந்த கனிவோடு. பக்கத்தில் இருந்தவர் அதைக் குறித்துக்கொண்டார். பிற்பாடு வந்த கூட்ட நடவடிக்கைக் குறிப்பில், லினக்ஸில் பயனாளர் யாரும் இல்லை என்பதைப் பயனாளர் தரப்பும் உறுதிப்படுத்தியது என்று எழுதியிருந்தது.

சுபைதா பேகமும் மெதுவாக எழுந்து, தன் கண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பாதி சொல்வதற்குள் மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, கழகத்தின் பெண் பயனாளர் என்று படம் எடுத்து, கைதட்டலோடு இறக்கிவிட்டார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தவர் பொன்னாடையின் ஓரத்தைப் பெருவிரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"பட்டுன்னு சொன்னாவ. முக்கால்வாசி பாலியஸ்டர் தம்பி."

கண் போனாலும் விரல் போகவில்லை. பேச்சிராஜாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு பிரியாணி வாசனையில் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பொன்னாடைதான் ஒரு காரியம் செய்தது. லினக்ஸ் ஊழியர்கள் கூட்டத்தில் பெண் பயனாளருக்குச் சிறப்பு செய்யப்பட்டது என்ற செய்தியைத் தலைமையகத்தில் யாரோ படித்து, அப்படியானால் லினக்ஸில் ஒரு பயனாளர் இருக்கிறாரே என்று கேட்டுவிட்டார்கள். ஒருவர் இருந்தால் உழைப்போம் என்று மேடையில் சொன்ன வார்த்தை இருக்கிறது. இருபத்தைந்தாம் தேதி காலையில் லினக்ஸ் சோதனைப் பதிப்போடு மாரிசெல்வமே நேரில் வந்தார். கணினித் திரைக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி, தட்டில் கத்திரிக்கோல் வைத்து, வெட்டினார். பேச்சிராஜா தலைமைச் சாவியைத் தட்டினார். திரையில் பச்சை நிறத்தில் எழுத்து வந்தது.

"நல்வரவு. பாதுகாப்பு கருதி, தாங்கள் முன்பு பயன்படுத்திய கணினியிலிருந்து இந்தக் கணினிக்கு அனுமதி அளிக்கவும்."

"எங்கள் தரப்பில் வேலை முடிந்துவிட்டது" என்றார் மாரிசெல்வம். "இனி உங்கள் தரப்புதான்."

பேச்சிராஜா பின்னறையைக் காட்டினார். பூட்டைக் காட்டினார். முத்திரையில் மேலாளரின் கையெழுத்தே இருந்ததையும் காட்டினார். முத்திரையைப் பிரிக்கக் கழகத்தின் முன் அனுமதி வேண்டும், அதற்கான விண்ணப்பத்தைச் சாவிக்கொத்து வழியாக அனுப்புங்கள், நானே பரிந்துரைக்கிறேன் என்று சொல்லிவிட்டு மாரிசெல்வம் ஜீப்பில் ஏறினார். இரண்டு இலக்கு எட்டப்பட்டதாக அன்றைய அறிக்கையில் எழுதிக்கொண்டாராம், ஒன்று பதிப்பு, இன்னொன்று பாதுகாப்பு.

மறுநாள் மதியம் சாப்பாட்டு வேளை. சுபைதா பேகம் ஆஸ்பத்திரிக்குத் துணிமணி அடுக்கிய பையோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். நாளை மாலைக்குள் உள்ளே சேர வேண்டும். இங்கிருந்தே திருநெல்வேலிக்குப் போய்விடலாம் என்று கிளம்பி வந்தவர். வந்ததிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் உட்கார்ந்திருந்ததுதான் பேச்சிராஜாவைப் பிடுங்கித் தின்றது. இர்ஷாத்தைக் கூட்டிக்கொண்டு பின்னறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

அவருக்குப் பயமாக இருந்தது. இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். முத்திரையில் கை வைத்தால் சஸ்பெண்ட் என்று சுற்றறிக்கையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. வாசலில் அந்த அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரை நோக்கி உட்கார்ந்திருந்தது இங்கிருந்து தெரிந்தது. பேச்சிராஜா தாளைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழித்தார்.

"நாலு இலக்கம்னா பத்தாயிரம் நம்பர் அண்ணாச்சி. வரிசையாப் போட்டா நாளன்னிக்குத் தொறந்திரும்" என்றான் இர்ஷாத்.

"பூஜ்யத்துல இருந்து ஆரம்பிலே. அவுகளுக்கு அதுதான பிடிச்ச நம்பரு."

இர்ஷாத் நாலு பூஜ்யத்தை உருட்டினான். பூட்டு திறந்துகொண்டது.

முத்திரை வைத்த அன்று கழகத்தின் ஆட்கள் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பூட்டைக் கடையில் வாங்கிய எண்ணோடு அப்படியே மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பிறகு திறந்து பார்த்தபோது, பூட்டின் எண் என்று சாவிக்கொத்தில் போட்டிருந்த கட்டமும் காலியாகத்தான் இருந்தது. இருவரும் சிரிக்கவில்லை, நேரம் இல்லை. பழைய கணினியைத் துடைத்து, ஒயரை இழுத்து மாட்டி, உயிர் கொடுத்தார்கள். நாலு மாசம் தூங்கியது எழுந்ததும், நாலு மாசப் புதுப்பிப்பையும் முடித்துவிட்டுத்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டது. சதவீதம் ஊர்ந்தது. என்னவாம் தம்பி என்று வாசலிலிருந்து சுபைதா பேகம் கேட்டார். முப்பத்தொண்ணுக்கா என்றார் பேச்சிராஜா. அறுபத்தெட்டுக்கா. தொண்ணூறுக்கா. அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தார்.

மூன்று மணிக்குச் சாவிக்கொத்து திறந்தது. பக்கம் வந்தது, பெயர் வந்தது, பொத்தான் வந்தது. பேச்சிராஜா அமுக்கினார். கால் மணியில் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த அம்மாவின் செல்போனுக்குச் செய்தி வந்தது. கையோடு லினக்ஸ் கணினிக்கும் அனுமதி கொடுத்துவிடலாம் என்று இர்ஷாத் முன்னறைக்கு ஓடினான். அங்கே சோதனைப் பதிப்பைக் காணவில்லை. இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒருவர்கூடப் பயன்படுத்தாததால் திரும்பப் பெறப்பட்டது என்று அறிவிப்பு வந்து, போய், பழைய இரண்டு வரி மறுபடி வந்து நின்றது.

அடுத்த வாரமே கழகத்தின் செய்திமடலில் ஒரு கட்டம்போட்ட செய்தி. சங்கரன்கோவில் அலுவலகம் தானாகவே முன்வந்து விண்டோஸில் சாவிக்கொத்தைப் பயன்படுத்தியிருப்பதால், லினக்ஸ் பதிப்புக்கு எங்கும் தேவை இல்லை என்பது ஐயமற நிரூபணமாகிறது, கோரிக்கைப் பலகை இத்துடன் நிரந்தரமாக மூடப்படுகிறது. கூடவே பேச்சிராஜாவுக்கு ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை. முத்திரையைக் கிழித்தது, தடைசெய்த கணினியைப் பயன்படுத்தியது, கழகத்தின் பூட்டு எண்ணை முறையற்ற வழியில் அறிந்துகொண்டது. பழைய கணினியைச் சாட்சியப் பொருள் என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விளக்கத்தைப் பதினைந்து நாளுக்குள் சாவிக்கொத்து வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும், தவறினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும்.

பதினாலாம் நாள் பேச்சிராஜா அந்தத் திரைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். விளக்கம் நாலு பக்கத்துக்கு எழுதி மேசையில் இருந்தது. அனுப்பத்தான் வழி இல்லை. அப்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுபைதா பேகம் உள்ளே வந்தார். புளியங்குடியில் யாரையும் கேட்காமல், பஸ்ஸில் ஊர்ப்பெயரைப் பார்த்தே ஏறினேன் என்றார். ஒரு துண்டுப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குனிந்து, திரையில் இருந்ததை விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இந்த... இயங்குதளத்தில்... சாவிக்கொத்து... இயங்காது." நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "எழுத்து ஒண்ணுகூட ஆடல தம்பி."

"நல்லா வாசிக்கீங்கக்கா. அடுத்த வரியும் வாசிங்க."

"சிரமத்துக்கு வருந்து...கிறோம்." அவர் யோசித்தார். "ஆருக்குத் தம்பி சிரமம்?"

"ஆருக்கும் இல்லக்கா" என்றார் பேச்சிராஜா. "இதுல ஆருமே இல்லையாம்."